46-ஆ, 68-ஆ, இல்லை வேறு ரகமா? ஹைட்ராலிக் ஆயில் வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

மெஷினோடு வந்த புத்தகத்தில் ஹைட்ராலிக் ஆயில் 46 என்று போட்டிருக்கிறது; ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. பக்கத்து யூனிட்டில் அதே மாதிரி மெஷினுக்கு 68 ஊற்றுகிறார்கள். கடையில் கேட்டால், "நம்மூரு வெயிலுக்கு எல்லாரும் 68-தானுங்க போடறாங்க" என்று பதில் வருகிறது. நடுவில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, இரண்டுமே வேண்டாம், ஜிங்க் (துத்தநாகம்) இல்லாத புது ரகம் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட, ஆனால் மூன்று மடங்கு நாள் உழைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் குழப்பம் இதுதான்.

இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின், ஹைட்ராலிக் பிரஸ், உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும் டை காஸ்டிங் மெஷின், கழிவை அமுக்கிக் கட்டும் பேலிங் பிரஸ் என்று ஷெட்டுக்குள் ஓடும் இயந்திரங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கம் 68 இவ்வளவு ஓடுவதற்கு வெயில் ஒரு சின்னக் காரணம்தான். பல இடங்களில் அது அடைத்துப்போன கூலரையும் தேய்ந்துபோன பம்ப்பையும் மறைக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

டேங்க்கில் ஆயில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது. வெளியே எத்தனை டிகிரி என்பதல்ல. மே மாதம் ஷெட்டுக்குள் 40 டிகிரி இருந்தாலும் கூலர் ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் 50-ல் நிற்கும். மார்கழியிலும் கூலர் அடைத்திருந்தால் 70-ஐத் தொடும்.

பம்ப் என்ன வகை. கியர் பம்ப் பொறுத்துக்கொள்ளும். வேன் பம்ப்புக்குத் தேய்மானத் தடுப்பு சேர்மானம் கட்டாயம் வேண்டும். பிஸ்டன் பம்ப்தான் கறார்ப் பேர்வழி. ஆக்சியல் பிஸ்டன் பம்ப்புக்கு ஓடும் வெப்பநிலையில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 16 முதல் 36 சென்டிஸ்டோக் வரை இருப்பது உகந்தது என்று ரெக்ஸ்ரோத் போன்ற பம்ப் நிறுவனங்களின் புத்தகங்கள் சொல்கின்றன.

பக்கத்தில் நெருப்போ உருகிய உலோகமோ இருக்கிறதா. இருந்தால் மற்ற அளவுகோல் எல்லாம் இரண்டாம் பட்சம்.

தண்ணீர் கலக்க வாய்ப்பு எவ்வளவு. கூலர் டியூப் ஓட்டை, வெட்டும் வேலைக்கு ஓடும் கூலண்ட், மழைக்காலத்து ஈரம் எல்லாம் இதில் வரும்.

மொத்தச் செலவு. லிட்டர் விலை மட்டுமல்ல. மாற்றும்போது கழுவிவிடும் ஆயில், ஃபில்டர், சீல், மெஷின் நிற்கும் நேரம், கரண்ட், பழைய ஆயிலை அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. நானூறு லிட்டர் டேங்க் என்றால் லிட்டருக்கு இருபது ரூபாய் வித்தியாசம் மொத்தமே எட்டாயிரம்தான். ஒரு பிஸ்டன் பம்ப்பைப் பிரித்து ரிப்பேர் செய்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும்.

## பேரல் மேல் இருக்கும் எண்

46, 68 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை. அலகு சென்டிஸ்டோக். 10 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. விதி அனுமதிக்கிறது. அதனால் 46 என்றால் 41.4 முதல் 50.6 வரை எதுவும் இருக்கும். இது தரத்தைச் சொல்லும் எண் அல்ல. 68 கெட்டி, அதனால் 46-ஐவிட உசத்தி என்ற எண்ணம் கடைத்தெருவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆயில் ரகத்தைச் சொல்வது வேறு எழுத்துகள். ஜெர்மன் தர விதி டி.ஐ.என். (DIN) 51524-இன் இரண்டாம் பாகம் என்று போட்டிருந்தால் எச்.எல்.பி.; தேய்மானத் தடுப்பு சேர்மானம் உள்ள சாதாரண ரகம். இதையே ஐ.எஸ்.ஓ. கணக்கில் எச்.எம். என்பார்கள். மூன்றாம் பாகம் என்றால் எச்.வி.எல்.பி.; வெப்பம் ஏறி இறங்கினாலும் பாகுத்தன்மை குறைவாகவே மாறும் ரகம், ஐ.எஸ்.ஓ.வில் எச்.வி. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தடுமாற இடமுண்டு. மோபில் டி.டி.இ. 25 என்பது பாகுத்தன்மை 25 அல்ல, 46. அதே வரிசையில் 24 என்பது 32, 26 என்பது 68. ஷெல் டெல்லஸில் எஸ்2 எம்.எக்ஸ். சாதாரண ரகம், எஸ்2 வி.எக்ஸ். மூன்றாம் பாக ரகம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். பில்லில் அவசரமாக எழுதும்போது அது விட்டுப்போகும்.

எந்த ஆயிலும் சூடு ஏற ஏற இளகும். எவ்வளவு இளகும் என்பதை இந்தப் பட்டியலில் பாருங்கள். பாகுத்தன்மைக் குறியீடு (இது கூடினால் ஆயில் சூட்டில் இளகுவது குறையும்) சாதா ரகங்களுக்கு 100, மூன்றாம் பாக ரகத்துக்கு 150 என்று வைத்துப் போட்ட கணக்கு. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும்.

| ஆயில் | 20 டிகிரி | 40 டிகிரி | 50 டிகிரி | 60 டிகிரி | 70 டிகிரி |
|---|---|---|---|---|---|
| 32 சாதா | 85 | 32 | 21 | 15 | 11 |
| 46 சாதா | 135 | 46 | 30 | 21 | 15 |
| 68 சாதா | 215 | 68 | 43 | 29 | 20 |
| 46 மூன்றாம் பாகம் | 115 | 46 | 31 | 22 | 17 |

பிஸ்டன் பம்ப் கேட்கும் 16–36 என்ற எல்லையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். டேங்க் 50-லிருந்து 60 டிகிரிக்குள் ஓடினால் 46 நடு மையத்தில் உட்காருகிறது. 68-க்கு அந்த இடம் கிடைக்க டேங்க் 55-ஐத் தாண்ட வேண்டும். பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: 60 டிகிரியில் சாதா 46-க்கும் விலை கூடிய மூன்றாம் பாக 46-க்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு சென்டிஸ்டோக்தான்.

## சாதா 46

மோல்டிங் மெஷின்காரர்கள் ஆயிலை 45 டிகிரி சுற்றி வைத்திருக்கச் சொல்வார்கள். அதை உங்களால் கடைப்பிடிக்க முடிந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. காலையில் மெஷினைப் போட்டதும் பம்ப் சிரமமில்லாமல் ஆயிலை இழுக்கும். குழாயிலும் வால்விலும் உராய்வு குறைவு, அதனால் கரண்டும் கொஞ்சம் மிச்சம். காற்றுக் குமிழ்களைச் சீக்கிரம் விட்டுவிடும். ஆயில் கெட்டியாக ஆக, குமிழ் மேலே வர நேரம் பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு கூலரைப் பராமரிப்பதில் இருக்கிறது. 46 போட்டால் கூலரை ஏமாற்ற முடியாது. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கூலர் டியூபுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். நகக்கனம் படிந்தாலே வெப்பம் வெளியேறுவது வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஆபரேட்டர் வந்து, "அண்ணே, காலைல நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப கிளாம்ப் பிரஷர் ஏற மாட்டேங்குது" என்பார். அச்சை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தத்தைச் சொல்கிறார். ஆயில் 70-ஐத் தாண்டி 15 சென்டிஸ்டோக்குக்கு இளகி, பம்ப்புக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். இங்கேதான் யாராவது 68 போடச் சொல்லுவார்கள்.

## சாதா 68

68 போட்டதும் மதியப் பிரச்சினை மறைந்துவிடும். உண்மைதான். பம்ப்பின் உட்கசிவு பாகுத்தன்மைக்கு எதிர் விகிதத்தில் போகும். 70 டிகிரியில் 15 இருந்த இடத்தில் 20 வந்தால் கசிவு கால்பங்கு குறையும். பிரஷர் ஏறும். உரிமையாளருக்கு நிம்மதி.

ஆனால் ஆயில் இன்னமும் 70-ல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 60 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. சீல் ரப்பரும் விறைக்கத் தொடங்கும். காலையில் வேறு தொந்தரவு. ஓசூரில் டிசம்பர் மாதக் காலையில் ஆயில் 20 டிகிரிக்கும் கீழே இருக்கும். 68 அப்போது 215 சென்டிஸ்டோக்கைத் தாண்டிக் கெட்டியாக நிற்கும். பம்ப் ஆயிலை இழுக்கும் வாயிலுள்ள சல்லடையான சக்ஷன் ஸ்ட்ரெயினரும் பாதி அடைத்திருந்தால் பம்ப்புக்குத் தேவையான ஆயில் வந்து சேராது. கூழாங்கல்லை அரைப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஆயிலுக்குள் வெற்றிடக் குமிழ்கள் உருவாகி உடைகிற சத்தம் அது. ஒவ்வொரு உடைப்பும் பம்ப்பின் உலோகத்தைத் துளித்துளியாகப் பிய்க்கும்.

அப்படியானால் 68 எப்போதுமே தப்பா? இல்லை. மெஷின் புத்தகமே 68 என்று சொன்னால் அதைத்தான் போட வேண்டும். பழைய பிரஸ்கள் பலவற்றுக்கு அப்படித்தான் இருக்கிறது. கூலரே இல்லாமல், நாள் முழுக்க 60–70 டிகிரியில் ஓடும்படி செய்த சின்ன பவர் பேக் (டேங்க், மோட்டார், பம்ப் சேர்ந்த தொகுதி), கியர் பம்ப் உள்ள பேலிங் பிரஸ் ஆகியவற்றுக்கும் 68 பொருந்தும். பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்ற இப்போது கையில் பணமில்லை, இன்னும் ஒரு சீசன் ஓட்ட வேண்டும் என்றாலும் தெரிந்தே 68 போடலாம். தெரிந்தே என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்.

பம்ப் தேய்ந்ததா, கூலர் அடைத்ததா என்று பிரித்தறிய பெரிய கருவி வேண்டாம். பிஸ்டன் பம்ப் என்றால், உட்கசிவு ஆயிலை டேங்க்குக்குக் கொண்டுவரும் கேஸ் டிரெய்ன் குழாயை டேங்க்கிலிருந்து கழற்றி, மெஷின் சூடான பிறகு ஒரு நிமிடம் அளவுக் குடுவையில் பிடியுங்கள். குழாயின் வாய் திறந்தே இருக்க வேண்டும், விரலால் அடைத்துப் பார்க்கக் கூடாது. பம்ப் ஷாஃப்ட் சீல் போய்விடும். பம்ப் கொடுக்கும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்தை அது நெருங்கினால் பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது. கூலருக்கு இன்னும் எளிது: ஆயில் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கூலர் வேலை செய்யவில்லை. வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு கன் வைத்துப் பார்ப்பவர்கள் பளபளப்பான குழாயில் அடித்துப் பார்க்காதீர்கள். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பெயின்ட் அடித்த இடத்திலோ கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அடியுங்கள்.

கூலரும் பம்ப்பும் சரியாக இருந்தும் சூடு ஏறினால், அழுத்தம் எல்லை மீறும்போது ஆயிலை டேங்க்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆயில் 140 பார் அழுத்தத்தில் வேலை எதுவும் செய்யாமல் ரிலீஃப் வால்வு வழியாக டேங்க்குக்குத் திரும்பினால், அது 9 கிலோவாட் ஹீட்டரை டேங்க்குக்குள் போட்டு வைத்ததற்குச் சமம். எந்த எண் ஆயில் ஊற்றினாலும் இது தீராது.

## சாதா 32

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சர்வோ மோட்டார் உள்ள புதிய மோல்டிங் மெஷின்கள் தேவைப்படும்போது மட்டும் பம்ப்பைச் சுற்றுவதால் ஆயில் அவ்வளவாகச் சூடாவதில்லை. சிலவற்றுக்குப் புத்தகத்தில் 32 இருக்கும். சி.என்.சி. லேத்களின் சின்ன பவர் பேக்குகளிலும் அப்படியே. அங்கெல்லாம் 32-ஐத் தைரியமாகப் போடுங்கள். டேங்க் 60-ஐத் தாண்டும் மெஷினுக்கு இது ஆகாது.

## மூன்றாம் பாக ரகம்

இந்த ஆயிலில் பாகுத்தன்மையைக் காக்கும் பாலிமர் சேர்த்திருக்கிறார்கள். குளிரில் அவ்வளவாக இறுகாது, சூட்டில் அவ்வளவாக இளகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கு இது தேவை? காலையில் 5 டிகிரி, மதியம் 40 டிகிரி என்று வெட்டவெளியில் வேலை செய்யும் இயந்திரங்களுக்கு. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டி மே மாதம் இங்கே துளை போட்டுவிட்டு ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் நிற்கும். அதற்கு இந்த ரகம் சரியான முதலீடு. கிரேன், எக்ஸ்கவேட்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

ஷெட்டுக்குள் ஒரே இடத்தில் நின்று, காலையில் 28 டிகிரியில் தொடங்கி 55-ல் நிலைக்கும் மெஷினுக்கு இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டியலில் பார்த்த அந்த ஒன்றிரண்டு சென்டிஸ்டோக்கைத்தான் வாங்குகிறீர்கள். மறைந்த செலவும் உண்டு. பம்ப்பும் வால்வும் ஆயிலைப் பிழிந்துகொண்டே இருப்பதால் அந்தப் பாலிமர் நாளடைவில் அறுபடும். மலிவான தயாரிப்பு என்றால் 46 என்று வாங்கியது சில மாதங்களில் முப்பத்துச் சொச்சத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். வாங்கத்தான் வேண்டும் என்றால், அறுபடும் சோதனையின் முடிவைத் தயாரிப்பு விவரத் தாளில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

## ஜிங்க் இல்லாத ரகம்

சாதாரண எச்.எல்.பி. ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பது ஜிங்க், பாஸ்பரஸ், கந்தகம் கலந்த ஒரு சேர்மானம். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, மலிவு, வேன் பம்ப்பை அருமையாகக் காப்பாற்றும். அதற்கு இரண்டு பலவீனம். சூடும் தண்ணீரும் சேர்ந்தால் சிதைந்து கசடாகும். வெள்ளிப் பூச்சு உள்ள பாகங்களோடு ஒத்துப்போகாது, சில பித்தளை, வெண்கலப் பாகங்களோடும் மல்லுக்கு நிற்கும்.

ஆயில் ஓட்டத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வு உள்ள மெஷினில், வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூல் மேல் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி படிந்து வால்வு ஒட்டிக்கொள்ளும் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஜிங்க் இல்லாத ரகத்துக்குப் போவது நியாயம். பம்ப் தயாரிப்பாளரே அதைக் கேட்டாலும், கழிவுநீரில் ஜிங்க் அளவைக் கட்டுப்படுத்த வேண்டிய தொழிற்சாலை என்றாலும் அப்படியே. மற்றவர்களுக்கு?

அந்த ‘மூன்று மடங்கு உழைக்கும்’ என்ற வாக்குறுதி எங்கே நிற்கும், எங்கே விழும் என்று பாருங்கள். அது ஆய்வகத்தில் சுத்தமான, ஈரமில்லாத ஆயிலை வைத்துச் செய்த ஆக்ஸிஜனேற்றச் சோதனையிலிருந்து வருகிறது. உங்கள் டேங்க்கின் மூச்சு வாங்கும் மூடியில் ஃபில்டர் இல்லை, ஆயில் ஊற்றும் வாயில் சல்லடை கிழிந்திருக்கிறது, பழைய கேன்வாஸ் பையை மூடியாகப் போட்டிருக்கிறீர்கள் என்றால், ஆயில் வயதாகிச் சாவதற்கு முன்பே தூசியால் செத்துவிடும். அங்கே எந்த ரகமும் ஒன்றுதான்.

மாற்றும் செலவையும் மறக்காதீர்கள். ஜிங்க் உள்ளதன் மிச்சத்தோடு ஜிங்க் இல்லாததைக் கலந்தால், சில ஜோடிகளில் சேர்மானங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து கொழகொழவென்று ஃபில்டரை அடைக்கும். அதனால் டேங்க், சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் வடித்து, ஒரு முறை கழுவும் ஆயில் ஓட்டி, ஃபில்டர் மாற்றி, பிறகுதான் புது ஆயில். ஆக, நானூறு லிட்டர் டேங்க்குக்கு நீங்கள் வாங்குவது நானூறு லிட்டர் அல்ல.

## தீ தாங்கும் திரவங்கள்

1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தில் மார்சினெல் என்ற ஊரின் புவா டு காசியே நிலக்கரிச் சுரங்கத்தில், சரியாக ஏற்றப்படாத ஒரு வண்டி மேலே கிளம்பிய கூண்டோடு இழுபட்டுப்போய் ஆயில் குழாயையும் மின்கேபிளையும் சேர்த்து அறுத்தது. பீறிட்ட ஆயில் தீப்பிடித்தது. 262 பேர் இறந்தார்கள். ஐரோப்பியச் சுரங்கங்களில் தீ தாங்கும் ஹைட்ராலிக் திரவங்களைப் பற்றிய விதிகள் இறுகியதற்கு அந்த விபத்து முக்கியக் காரணம்.

டை காஸ்டிங், ஃபோர்ஜிங், ஃபர்னஸ் கதவு, ஸ்டீல் ஆலை என்றால் இதைப் படித்துவிட்டுத் தாண்டிப்போகாதீர்கள். டேங்க்கில் அமைதியாக இருக்கும் மினரல் ஆயில் 200 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவியை விடும் என்று தைரியம் சொல்வார்கள். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் வருவது ஆயில் அல்ல, 140 பாரில் பீய்ச்சும் பனிமூட்டம். 680 டிகிரியில் உருகி நிற்கும் அலுமினியம் பக்கத்தில் இருந்தால் அது தீப்பந்தமாக மாறக் கண் இமைக்கும் நேரம் போதும்.

இங்கே நடைமுறையில் இரண்டு வழி. முதலாவது வாட்டர் கிளைகால், எச்.எஃப்.சி. என்ற வகை. பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரே இருப்பதால் தீயருகே அது ஆவியாகி நெருப்பை அமுக்கிவிடும். டை காஸ்டிங்கில் பரவலாக ஓடுவது இதுதான். திரவத்தின் விலையும் தாங்கக்கூடியது. செலவெல்லாம் மற்ற இடத்தில்:

- டேங்க்கின் உட்புறப் பெயின்ட் உரிந்து வரும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.
- கால்வனைஸ் பைப், ஜிங்க் அல்லது காட்மியம் பூச்சு உள்ள ஃபிட்டிங் எல்லாவற்றையும் அது அரிக்கும்.
- பாலியூரித்தேன் சீலும் காகித ஃபில்டரும் கூடாது. கண்ணாடி இழை ஃபில்டர் வேண்டும்.
- மினரல் ஆயிலைவிடக் கனம் அதிகம், அதனால் பம்ப்புக்கு இழுப்பது கஷ்டம். பேரிங் ஆயுளும் குறையும். பம்ப் தயாரிப்பாளர்கள் அழுத்தத்தைக் குறைத்துத்தான் உத்தரவாதம் தருவார்கள்.
- டேங்க் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் ஆவியாகும், திரவம் கெட்டியாகும், தீ தாங்கும் குணமும் போகும். தண்ணீர் அளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் தவறாமல் பார்த்து, உப்பு நீக்கிய தண்ணீர் மட்டுமே சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் சேர்த்தால் மேலே கூலரில் பார்த்த அதே சுண்ணாம்பு இப்போது வால்வுக்குள் வரும்.

இரண்டாவது செயற்கை எஸ்டர், எச்.எஃப்.டி.யு. என்ற வகை. தண்ணீர் கிடையாது. பெரும்பாலும் பழைய பம்ப்பையும் சாதாரண நைட்ரைல் சீலையும் வைத்தே ஓட்டலாம், அழுத்தமும் குறைக்க வேண்டியதில்லை. திரவத்தின் விலை மினரல் ஆயிலைப்போலப் பல மடங்கு. அது எரியவே எரியாது என்று நினைக்க வேண்டாம். எளிதில் பற்றாது, பற்றினாலும் தீ மூலம் விலகியதும் அணையும் போக்கு உண்டு, அவ்வளவுதான். ஈரம் பட்டால் சிதைந்து அமிலமாகும், ஆகவே கூலர் ஓட்டையாகும் பழக்கம் உள்ள மெஷினுக்கு இது விரயம்.

புதிதாக டை காஸ்டிங் மெஷின் வாங்குகிறவர்கள் எச்.எஃப்.சி.க்கு ஏற்றபடியே டேங்க், சீல், பம்ப் எல்லாம் போட்டுத் தரச் சொல்லி ஆர்டரில் எழுதிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினை மாற்றுகிறவர்களுக்கு, மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால், விலை கூடிய எஸ்டரே பல சமயம் மலிவாக முடியும்.

## மலிவு வழிகள்

எஞ்சின் ஆயில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் ஐ.எஸ்.ஓ. 100 அளவையும் தாண்டிக் கெட்டி. அதிலுள்ள அழுக்கு நீக்கும் சேர்மானம் தண்ணீரைப் பிரித்து அடியில் விடாமல் ஆயிலோடு கலக்கிவைக்கும். எஞ்சினில் அது வேண்டும், பிரஸ்ஸில் வேண்டாம். மண் அள்ளும் இயந்திரங்கள் சிலவற்றுக்கு 10டபிள்யூ எஞ்சின் ஆயிலைத் தயாரிப்பாளரே சொல்வதுண்டு. அது அந்த மெஷினுக்கு மட்டும்.

அப்புறம் கலர் மாறாமல் பளிச்சென்று, பெயரில்லாத பேரலில் பாதி விலைக்கு வரும் ஆயில். முறையாக மறுசுத்திகரிப்பு செய்து, சேர்மானம் போட்டு, சோதனைச் சான்றிதழோடு வந்தால் அதில் தவறில்லை. பழைய ஆயிலை வண்டல் தங்கவிட்டு, துணியில் வடிகட்டி விற்றால் சேர்மானம் இருக்காது, அமிலம் மட்டும் இருக்கும். நிறம் எதையும் சொல்லாது. அந்த பேட்ச்சுக்கான பாகுத்தன்மை, அமில அளவு, தண்ணீர் அளவு மூன்றும் எழுதிய தாள் இல்லாமல் வாங்காதீர்கள்.

## எந்த நிலைமைக்கு எது

| உங்கள் நிலைமை | என் தேர்வு |
|---|---|
| கூலர் சரி, டேங்க் 45–60 டிகிரி | சாதா 46 |
| கூலர் இல்லாமல் 60–70-ல் ஓடும் பவர் பேக், கியர் பம்ப் | சாதா 68 |
| மதியம் பிரஷர் இறங்குகிறது | முதலில் கூலர், ரிலீஃப் வால்வு, கேஸ் டிரெய்ன். ஆயில் அப்புறம் |
| சர்வோ மோட்டார் மெஷின், 50-ஐத் தாண்டாது | புத்தகப்படி 32 அல்லது 46 |
| வெட்டவெளி, குளிரும் வெயிலும் | மூன்றாம் பாக ரகம் |
| சர்வோ வால்வில் வார்னிஷ் | ஜிங்க் இல்லாத ரகம், நல்ல ஃபில்டரோடு |
| உருகிய உலோகம் பக்கத்தில் | புது மெஷினுக்கு எச்.எஃப்.சி., பழையதற்கு எஸ்டர் |

## வாங்கிய பிறகு

புது ஆயில் சுத்தமான ஆயில் என்பது தவறு. பேரலில் வரும் ஆயில் பெரும்பாலும் சர்வோ வால்வு கேட்கும் சுத்தத்துக்குக் கிட்டவே வராது. 10 மைக்ரான் ஃபில்டர் உள்ள டிராலி வழியாகத்தான் டேங்க்குக்குள் போக வேண்டும். உயர்ந்த ரகத்துக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் பணத்தை இந்த டிராலிக்கும் டேங்க் மூச்சு வாங்கும் மூடிக்கான நல்ல பிரீதர் ஃபில்டருக்கும் கொடுங்கள் என்றுதான் பெரும்பாலானவர்களிடம் சொல்வேன்.

பேரலை வெளியில் நெட்டுக்குத்தாக நிறுத்தாதீர்கள். மேல் மூடியைச் சுற்றி மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகிக் காற்றை விட்டு, இரவில் குளிர்ந்து மூச்சிழுக்கும்போது மூடியின் திருகு வழியே அந்தத் தண்ணீர் உள்ளே போகும். வெளியில்தான் வைக்க வேண்டுமென்றால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வரும்படி வையுங்கள்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு ஹாட் பிளேட் போதும். 130 டிகிரி வாக்கில் சூடாக்கி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் சரி. படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பால் மாதிரி வெளுத்துவிட்டால் சோதனையே வேண்டாம், கூலர் டியூபைக் கழற்றுங்கள்.

வடித்த பழைய ஆயிலைக் கேன்களில் வந்து எடுத்துப் போகிறவர்களிடம் விற்றுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் ஹைட்ராலிக் இயந்திரங்களிலிருந்து வரும் பழைய ஆயில் முதல் அட்டவணையில் 5.1 என்ற எண்ணில் வருகிறது. வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். போகும் ஒவ்வொரு லோடுக்கும், கழிவின் அனுப்புச் சீட்டான படிவம் 10-இன் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.